தடங்கள் பிரியும் இடம்

சென்னையில் ரயில் பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சென்ட்ரலைத்தான் காட்டுவார்கள். சென்ட்ரல் ரயில் ஏறுவதற்கான இடம், பார்ப்பதற்கான இடம் அல்ல. 1873 முதல் நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்துக்குள் வரும் வண்டிகள் தடுப்புக்கு முன்னால் நின்று அப்படியே கிடக்கின்றன. கிளம்பும் வண்டியின் இன்ஜின் நடைமேடையின் கடைக்கோடியில் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் வண்டி நகர்ந்துவிடும், அதுவும் நடை வேகத்தில். ரயிலின் அழகு அது ஓடுவதில் இருக்கிறது. ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் நிலையத்தின் வாசலை விட்டு அதன் கழுத்துக்குப் போக வேண்டும். எல்லாத் தடங்களும் சில அடி அகலத்துக்குள் நெருங்கி வந்து, பிறகு திசைக்கொன்றாகப் பிரியும் இடம் அது.

சென்ட்ரலுக்கு அந்தக் கழுத்து பேசின் பிரிட்ஜ். சென்ட்ரலிலிருந்து ஒரே ஸ்டேஷன் தூரம். அரக்கோணம் பக்கம் ஒரு தடமும் கூடூர் பக்கம் ஒரு தடமும் இங்கே பிரிகின்றன. பெட்டிகளைக் கழுவித் துடைத்துப் பழுது பார்க்கும் யார்டும் இங்கேதான் இருக்கிறது. காலையில் ஆட்களோடு வந்த வண்டி சென்ட்ரலில் எல்லோரையும் இறக்கிவிட்டு, காலிப் பெட்டிகளோடு யார்டுக்குத் திரும்பும். மாலையில் காலியாகவே மறுபடி சென்ட்ரலுக்குள் போகும். பிறகு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும். சென்ட்ரலில் ஒரு வருகையும் ஒரு புறப்பாடுமாக எழுதப்படும் வண்டி பேசின் பிரிட்ஜை நான்கு முறை கடக்கிறது. அவற்றுக்கு நடுநடுவே ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகும் லோக்கல் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. இன்ஜின் நம்பர்களை நோட்டில் எழுதி வைப்பவன். கோடை விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் நடைமேடைக்குப் போனேன். நடைமேடைச் சீட்டு பத்து ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். அதற்கு மேல் இருக்க வேண்டுமானால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது லோக்கல் டிக்கெட்டோடு வந்து இறங்கலாம். சீட்டில்லாமல் நிற்பதும், நடைமேடையை விட்டுத் தண்டவாளத்தில் இறங்குவதும் கூடவே கூடாது. ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மின்சார இன்ஜின் சத்தமில்லாமல் வரும். நாம் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த தடத்தில் வருகிற வண்டி காதில் விழாது. மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் நடைபாலத்தின் மேலும் நின்றாலே போதும், பார்க்க வேண்டிய எல்லாம் தெரியும்.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் ஆரம்பித்தது. சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் இரவு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படுகிற நேரம். திருவனந்தபுரம் மெயில், மங்களூர் மெயில், ஆலப்புழை எக்ஸ்பிரஸ், நீலகிரி, சேரன், ஏற்காடு, பெங்களூர் மெயில் என்று ஏழரையிலிருந்து பதினொன்று வரை ஓயாது. வண்டி இன்னும் வேகம் பிடிக்காத இடம் என்பதால் உள்ளே இருப்பவர்கள் நன்றாகத் தெரிவார்கள். டிபன் பாக்ஸைத் திறப்பவர்கள், மேல் படுக்கையில் போர்வை விரிப்பவர்கள், வழியனுப்ப வந்தவர்களிடம் போனில் இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள். பையன் நோட்டை மூடிவிட்டுக் கேட்டான்:

“மாமா, இப்ப போற இதே வண்டிங்க எல்லாம் அரக்கோணத்தை எத்தனை மணிக்குத் தாண்டும்?”

“ஒரு மணி நேரம் கழிச்சு.”

“ஜோலார்பேட்டை?”

பெஞ்சில் உட்கார்ந்து கால அட்டவணையைப் பிரித்தோம். இதற்கு முன் நான் அந்த அட்டவணையை வண்டி வண்டியாகத்தான் படித்திருக்கிறேன். அவனுடைய கேள்வியால் ஊர் ஊராகப் படித்தேன். சென்னையில் எட்டு மணிக்கு எழும் கூட்டம் ஒன்பதுக்கு மேல் அரக்கோணம், பத்தரையிலிருந்து ஜோலார்பேட்டை, நள்ளிரவில் சேலம், ஒரு மணியிலிருந்து ஈரோடு என்று தண்டவாளத்தின் மேல் அலைபோல நகர்ந்து போகிறது. அதே இரவில் எதிர்த்திசையில் இன்னோர் அலை. விடிகாலையில் சென்னை சேர வேண்டிய வண்டிகள் கேரளத்திலிருந்தும் கோவையிலிருந்தும் மாலையிலேயே கிளம்பி, பத்து மணிக்கு மேல் ஈரோட்டையும் பிறகு சேலத்தையும் கடந்து வருகின்றன. இரண்டும் எதிர்ப்படுவது ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில், நடுநிசியில்.

நெரிசலான இடத்தைத் தேடுகிறவர்கள் வரைபடத்தை மட்டும் பார்ப்பதால்தான் ஏமாந்து திரும்புகிறார்கள் என்று அந்தப் பெஞ்சில் எனக்குப் பட்டது. எந்த ஊர் என்பது பாதிக் கேள்வி. எந்த ஊர், எந்த மணிக்கு என்பதுதான் முழுக்கேள்வி. மதியம் இரண்டு மணிக்கு ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டு அங்கே ஒன்றுமில்லை என்று சொல்பவர், பொய் சொல்லவில்லை. பத்து மணி நேரம் பொறுத்திருந்தால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த அலையின் பின்னாலேயே ஈரோடு வரை போவது என்று முடிவாயிற்று. பையனின் அம்மாவிடம் அனுமதி வாங்கியது தனிக் கதை.

மறுநாள் காலை அரக்கோணம் லோக்கலில் ஏறினோம். பெரம்பூர், வில்லிவாக்கம் தாண்டும்வரை வலது பக்கமா இடது பக்கமா என்று தெரியாமல் பையன் இரண்டு ஜன்னலுக்கும் ஓடினான். இந்த வட்டாரமே ரயில்வேயின் பட்டறை. ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. நாடு முழுவதும் ஓடிய நீலநிறப் பெட்டிகள் இங்கிருந்துதான் போயின. அந்தப் பழைய வகையை 2018 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டில் இங்கே உருவானதுதான் முதல் வந்தே பாரத். பக்கவாட்டுத் தடங்களில் புது வண்ணத்தோடு, இன்னும் ஓடாத பெட்டிகள் நிற்பதை லோக்கல் ஜன்னலிலிருந்தே பார்க்க முடியும்.

சென்னையிலிருந்து அரக்கோணம் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். நான்கு தடங்கள். இவ்வளவு வண்டிகள் இதற்குள் அடங்குவதற்குத் தடங்களின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை, சிக்னலும்தான். பழைய முறைப்படி ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு தடத்தில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். அது அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்து, ‘லைன் கிளியர்’ கிடைத்த பிறகே பின்னால் இருப்பது புறப்படும். தானியங்கி சிக்னல் இருக்கும் தடத்தில் அந்த இடைவெளியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிக்னல் வைத்துவிடுகிறார்கள். வண்டி கடந்ததும் சிக்னல் தானாகச் சிவப்பாகும். வண்டி முன்னேற முன்னேற அது மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று மாறும். அதனால் சில நிமிட இடைவெளியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வர முடிகிறது. ரயில் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. கண்ணுக்குத் தெரிகிற சிக்னல் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, பச்சை வரை ஏறுவதைக் கவனித்தால், போன வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கைப்பேசி இல்லாமலே சொல்லிவிடலாம். பையன் இதை ஆவடி தாண்டுவதற்குள் கற்றுக்கொண்டான்.

அரக்கோணத்தில் பிற்பகல் வரை இருந்தோம். ஒரே இடத்தில் நின்று அதிக வகை வண்டிகளைப் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் ஊர் இது. கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி, வடமேற்கே ரேணிகுண்டா வழியாக மும்பை, தெற்கே தக்கோலம், காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு. நான்கு திசையிலிருந்தும் வருவது இங்கே கூடிப் பிரிகிறது. மின்சார இன்ஜின் ஷெட்டும் இங்கே இருப்பதால், வண்டியோடு வரும் இன்ஜின்கள் போக, தனியாக ஷெட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கும் இன்ஜின்களும் உண்டு.

ஒவ்வொரு இன்ஜினின் பக்கவாட்டிலும் அதன் சொந்த ஷெட்டின் பெயர் எழுதியிருக்கும். ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் எல்லாம் நமக்குப் பழகியவை. விஜயவாடா, லாலாகுடா, காஜிபேட் என்று வரும்போதுதான் பையனின் பேனா வேகமெடுக்கும். நம்பரின் முதல் இலக்கங்களே வகையைச் சொல்லிவிடும். 22-இல் தொடங்கினால் டபிள்யூ.ஏ.பி.-4. 30-இல் தொடங்கினால் டபிள்யூ.ஏ.பி.-7, ஆறாயிரம் குதிரைத் திறனுக்கு மேல் இழுப்பது, இன்றைய நீண்ட எக்ஸ்பிரஸ்களின் முதுகெலும்பு. 31-இல் தொடங்கும் பச்சை நிற இன்ஜின் கூட்ஸ் வண்டிகளுக்கானது. இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். பெயர் தெரியாத பறவை மரத்தில் இருக்கும், பார்த்துவிட்டுப் போய்விடுவோம். பெயர் தெரிந்துவிட்டால் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றும்.

செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு வண்டியைப் பார்த்துப் பையன் குழம்பிவிட்டான். பயணிகள் பெட்டி போலவே இருந்தது. ஆனால் ஜன்னல்கள் எல்லாம் தகடு வைத்து அடைக்கப்பட்டிருந்தன. உள்ளே புத்தம்புதுக் கார்கள். பயணிகளுக்கு ஓடி வயதான பெட்டிகளின் இருக்கைகளை எடுத்துவிட்டு, முனையில் கதவு வைத்துக் கார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கார்கள் வாலாஜாபாத் நிலையத்தில் ஏற்றப்பட்டு இந்த வழியாகத்தான் வடக்கே போகின்றன. கூட்ஸ் வண்டியைக் கவனிக்காதவர்கள் ரயில் பார்ப்பதில் பாதியை இழக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் வண்டி ஓர் ஊரின் மனிதர்களைக் காட்டுகிறது. அந்த ஊர் எதைச் செய்கிறது, எதை வாங்குகிறது என்பதைக் கூட்ஸ் வண்டிதான் காட்டும்.

மதியத்துக்கு மேல் வானத்திலும் வேடிக்கை. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளம் இருக்கிறது. பி-8ஐ என்ற பெரிய கண்காணிப்பு விமானம் ஒன்று தாழப் பறந்து இறங்கியது. அந்த நேரத்தில்தான் மும்பைத் தடத்தில் ஒரு எக்ஸ்பிரஸும் வந்தது. மேலே பார்ப்பதா, முன்னே பார்ப்பதா என்று பையன் தவித்தான். நல்லவேளை, விமானம் திரும்பி இன்னொரு சுற்று வந்தது.

அரக்கோணத்திலிருந்து மெமு என்ற மின்சார ரயிலில் மேற்கே. இந்தத் தடம் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம். 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய அந்த வண்டி வாலாஜா ரோடு வரை வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில், 1862-க்குள், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரைக்கும் தண்டவாளத்தைக் கொண்டு போய்விட்டது. வாலாஜா ரோட்டில் இன்று பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் நிற்பதில்லை. மெமு நின்றது. நடைமேடையில் கொய்யாப்பழக் கூடையோடு ஏறிய அம்மாவுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம்.

முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் நடுவில் பொன்னை ஆறு. மணல் மட்டும் தெரிகிற அகலமான ஆறு. 2021 டிசம்பரில் மழை வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பாலத்தில் பழுது கண்டு வண்டிகளை நிறுத்தினார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் போகிற அத்தனை பேரும் அன்றைக்கு இந்த ஆற்றின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள். எத்தனை வண்டிகள் ஒரே பாலத்தை நம்பி ஓடுகின்றன என்பது, அது நின்றுபோகும்போதுதான் தெரிகிறது.

காட்பாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி எண்ணிக்கையில் குறைவில்லை. திருப்பதி பக்கமும் விழுப்புரம் பக்கமும் தடங்கள் பிரிகின்றன. வடக்கேயிருந்து சென்னையைத் தொடாமல் கேரளம் போகும் வண்டிகள் திருப்பதியோ ரேணிகுண்டாவோ வழியாக இங்கே வந்து சேர்கின்றன. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இந்தியாவிலேயே நீண்ட தூரம் போகும் விவேக் எக்ஸ்பிரஸும் அவற்றில் ஒன்று. ஆனால் காட்பாடி நடைமேடையில் நிற்கும்போது கண் ரயிலில் நிலைப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் மூன்று நாள் பயணம் செய்து வந்து இறங்குகிறவர்கள், ஸ்கேன் கவரை நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோ தேடுகிறவர்கள். அந்த நடைபாலத்தை அவர்களுக்கு விட்டுவிட்டு நகர்வதுதான் சரி என்று தோன்றியது. கார்த்திகை, மார்கழியில் வந்தால் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து சபரிமலைக்குப் போகும் சிறப்பு ரயில்கள் இந்த வழியே சாரி சாரியாகப் போகும். அப்போது ஒரு முறை வரலாம்.

குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டி, இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர, வெயில் சாய்ந்த நேரத்தில் ஜோலார்பேட்டையில் இறங்கினோம்.

ஜோலார்பேட்டை ஊர் சிறியது, நிலையம் பெரியது. ரயில்வேக்காகவே வளர்ந்த ஊர். மூன்று பக்கமும் இரட்டைத் தடம்: சென்னை, சேலம், பெங்களூர். பெங்களூர்த் தடம் 1864-இல் போட்டது. பின்னால் ஏலகிரி மலை எழும்பி நிற்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்கு ஏறும் ஏற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சோமநாயக்கன்பட்டி, பச்சூர், மல்லானூர் வழியாகக் குப்பம் வரை நல்ல ஏற்றம். கனமான கூட்ஸ் வண்டிகளுக்குப் பின்னால் இன்னோர் இன்ஜின் மாட்டித் தள்ளுவது உண்டு. பேங்கர் என்பார்கள். முன்னால் இழுப்பவரும் பின்னால் தள்ளுபவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஹாரன் சத்தத்தாலும் வாக்கி டாக்கியாலும் பேசிக்கொண்டே அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான வண்டியை மலைமேல் ஏற்றுகிறார்கள்.

டீ வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன், எந்த நேரத்தில் வண்டி அதிகம் என்று. அவர் எங்கள் நோட்டைப் பார்த்தார்.

“வண்டி பாக்கவே வந்தீங்களா சார்? அப்ப இப்ப போய்த் தூங்குங்க. பதினோரு மணிக்கு மேல வந்து நில்லுங்க. எங்களுக்கு அப்பதான் யாவாரமே. ரெண்டு பக்கமும் வந்துகினே இருக்கும், பால் காயறதுக்குள்ள அடுத்த வண்டி நிக்கும்.”

எங்கள் அட்டவணைக் கணக்கு சரி என்று அவர் வாயால் கேட்டதில் பையனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

போவதற்கு முன் அவர் இன்னொன்றும் சொன்னார். 2019 கோடையில் சென்னை வறண்டு கிடந்தபோது, காவிரிக் குடிநீரை ஐம்பது டேங்கர் வேகன்களில் நிரப்பி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள் அல்லவா, அந்த வண்டி கிளம்பும்போது நடைமேடையில் இருந்தவர்கள் கையசைத்தார்களாம். ஒரு நடைக்கு இருபத்தைந்து லட்சம் லிட்டர். “அந்த வண்டிய மட்டும் நான் மறக்க மாட்டேன் சார்” என்றார்.

காத்திருப்பு அறையில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, பதினோரு மணிக்கு நடைமேடையின் சேலம் பக்கத்து முனைக்குப் போனோம். காற்று சில்லென்றிருந்தது. முதலில் வந்தவை முந்தின நாள் பேசின் பிரிட்ஜில் பார்த்த அதே வண்டிகள். அங்கே விளக்கெரிந்த ஜன்னல்கள் இங்கே இருண்டிருந்தன. டிபன் பாக்ஸ் திறந்தவர்கள் எல்லாம் உறங்கிவிட்டார்கள். ஒரே வண்டியை இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வேறொரு மணியில் பார்ப்பது தனிச் சுகம். தெரிந்தவரை வெளியூரில் சந்திக்கிற மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

பன்னிரண்டுக்கு மேல் எதிர்த்திசை வண்டிகளும் சேர்ந்துகொண்டன. சிக்னல்களைப் பார்த்தபடி நின்றோம். வண்டி நேர்த்தடத்தை விட்டுப் பிரியப் போகிறது என்றால் சிக்னலின் தலைமேல் ஐந்து வெள்ளை விளக்குகள் சாய்ந்த வரிசையில் எரியும். அந்த வரிசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். பெங்களூரா சேலமா என்று அறிவிப்புக்கு முன்பே பையன் சொல்லத் தொடங்கினான். ஓரத் தடத்தில் ஒரு சரக்கு வண்டி வெகுநேரம் நின்றது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு எக்ஸ்பிரஸ்கள் முந்திப் போய்க்கொண்டிருந்தன. அதன் இன்ஜின் கேபினில் லோகோ பைலட்டும் உதவியாளரும் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் வழிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் போகிறவர்கள். நமது வீட்டு அரிசியும் சிமெண்டும் அவர்கள் காத்திருப்பில்தான் வந்து சேர்கின்றன.

நிற்காத வண்டி ஒன்று வந்தது. அதற்கு முன் நிலைய ஊழியர் ஒருவர் பச்சை விளக்கோடு நடைமேடை ஓரத்தில் வந்து நின்றார். எதிர்ப்பக்கமும் ஒருவர். இன்ஜின் கடக்கும்போது உள்ளேயிருந்தும் ஒரு பச்சை விளக்கு அசைந்தது. கடைசிப் பெட்டியில் கார்டும் விளக்கைக் காட்டினார். சக்கரத்தில் தீப்பொறி, தொங்கும் பாகம், திறந்த கதவு என்று ஏதாவது இருக்கிறதா என இருபுறமும் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லும் முறை இது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்காக நடு இரவில், யாரும் பார்க்காத நடைமேடையில், ஒருவர் எழுந்து வந்து விளக்குக் காட்டுகிறார். இதைப் பார்ப்பதற்காகவே ஜோலார்பேட்டைக்கு வரலாம் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை.

வண்டி போனதும் கடைசிப் பெட்டியின் பின்புறம் மஞ்சள் நிறப் பெரிய பெருக்கல் குறி தெரிந்தது. அதற்குக் கீழே சிவப்பு விளக்கு மினுக்கியது. முழு வண்டியும் வந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்பதற்கான அடையாளம். ஊழியர் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

மூன்று மணிவாக்கில் கூட்டம் தணிந்தது. நோட்டில் பக்கங்கள் நிரம்பியிருந்தன. நம்பர் எழுதியது நானல்ல என்பதால் எனக்குத் தூக்கம் வந்தது. பையனுக்கு வரவில்லை.

விடிந்ததும் ஏறிய ஈரோடு வண்டி மொரப்பூர், பொம்மிடி தாண்டியதும் இடது பக்கம் சேர்வராயன் மலை. லோகூருக்கும் டேனிஷ்பேட்டைக்கும் நடுவே தடம் காட்டுக்குள் வளைந்து இறங்குகிறது. வளைவில் நமது வண்டியின் இன்ஜினை நாமே ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். படத்துக்கு அழகான இடம்தான். ஆனால் ரயில் பார்க்க யாரையும் இங்கே இறங்கச் சொல்ல மாட்டேன். காட்டோரம், தடத்துக்கு அருகே நிற்கப் பாதுகாப்பான இடமில்லை. ஓடும் வண்டியின் ஜன்னலே இதற்குப் போதும். பிறகு மேக்னசைட் சந்திப்பு, வெண்மையான மண்குவியல்கள், சேலம், சங்ககிரி. காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியபோது தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு இந்தக் கரை நாமக்கல் மாவட்டம், அந்தக் கரை ஈரோடு.

ஈரோட்டில் டீசல் ஷெட், மின்சார ஷெட் இரண்டும் உண்டு. ஆல்கோ டீசல் இன்ஜின்களின் கடகடப்பைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு ஈரோடு என்றாலே கரும்புகையும் அந்தச் சத்தமும்தான். தடங்கள் எல்லாம் மின்மயமாகிவிட்ட பிறகு அந்தச் சத்தம் அருகிவிட்டது. அன்று யார்டில் ஒரே ஒரு டீசல் இன்ஜின் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தது. பையன் அதை வெறுமனே நம்பராக எழுதினான். நான்தான் அவனை நிறுத்தி, கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன்.

நடைபாலத்துப் படிக்கட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு அவராகவே பேச்சுக் கொடுத்தார். கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

“இப்ப கார்டுன்னு சொல்றதில்லீங்க தம்பி, டிரெயின் மேனேஜர்ங்கறாங்க. பேரு மாறுனாலும் கொடி அதேதானுங்க.”

கரூர்த் தடம் எந்தப் பக்கம் சேர்கிறது என்று கேட்டேன். கைநீட்டிக் காட்டினார். சென்னைத் தடமும் கரூர்த் தடமும் நிலையத்தின் ஒரே முனையில் வந்து சேர்கின்றன. அதனால் திருச்சியிலிருந்து கரூர் வழியாகக் கோவை போகிற வண்டி நேராகப் போய்விடும். சேலம் பக்கமிருந்து ஈரோடு வந்து கரூர் போக வேண்டிய வண்டிக்கு மட்டும் இங்கே இன்ஜினை முன்பக்கமிருந்து கழற்றிப் பின்பக்கம் மாட்ட வேண்டும். “அதப் பாக்கோணும் கண்ணு நீ” என்று பையனிடம் சொன்னார். “ஒராளு கீழ எறங்கி, கொக்கி மாட்டி, காத்துக் குழாயச் சேத்து, பிரேக் புடிக்குதான்னு பாத்து, அப்பறந்தான் கொடி. எக்ஸ்பிரஸ் ஓடறத எல்லாரும் பாப்பாங்க. இத எவனும் பாக்கறதில்ல.”

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கும் பயன்பட்டது. கூட்ஸ் வண்டிக்கு அட்டவணை கிடையாது, ஆனால் பழக்கம் உண்டு. காலை எட்டு மணிக்கு மேல் இரவு வண்டிகளின் நெருக்கடி விலகியதும், ஒதுக்கி வைத்த சரக்கு வண்டிகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விடுவார்கள். பயணிகள் வண்டிக்கு நடுநிசி என்றால் சரக்கு வண்டிக்கு முற்பகல். இது எந்த அட்டவணையிலும் இல்லை.

இந்த மாதிரி மனிதர்கள் எல்லாச் சந்திப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்து, நடைபாலத்தின் ஓரத்தில் கம்பி வலை போட்ட ஒரு பெஞ்சாவது ரயில்வே போட்டுத் தரலாம். பேசின் பிரிட்ஜில் ஒன்று, அரக்கோணத்தில் ஒன்று, ஜோலார்பேட்டையில் ஒன்று, இங்கே ஒன்று. தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுத்து உயிரை விடும் பிள்ளைகளுக்கு, மேலே வா, இங்கே உட்கார்ந்து பார் என்று காட்ட ஓர் இடம் வேண்டும். கூடாது என்று பலகை வைத்தால் மட்டும் அவர்கள் கேட்கப்போவதில்லை.

“அடுத்து எங்கீங்க?” என்றார் பெரியவர்.

கோவை என்றேன். தலையசைத்து மறுத்தார்.

“கோயமுத்தூர் வேண்டாங்க. போத்தனூர்ல எறங்குங்க. இருகூர்ல இருந்து ஒரு லைன் கோயமுத்தூர் போகுது, இன்னொண்ணு நேரா போத்தனூர். பொள்ளாச்சி லைனும் அங்கதான் பிரியுது. பாலக்காட்டு வண்டி பூரா அங்க வந்து கூடியாகோணும்.”

பையன் அதற்குள் அட்டவணையைப் பிரித்து, போத்தனூருக்கு நேராக விரல் வைத்து, மணியைத் தேடிக்கொண்டிருந்தான்.